செய்தி நிறுக்கும் தராசு

மூடிக்கிடந்த பர்னிச்சர் கடை வாசலில் விடிந்ததுமே வரிசை தொடங்கிவிடும். அங்கே சோபா விற்ற காலத்தில் ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. இப்போது வரிசை தெருமுனையில் திரும்பி, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, பல் ஆஸ்பத்திரி வாசல்வரை நீண்டது. பல் பிடுங்க வந்த ஒருவர் தவறிப்போய் இந்த வரிசையில் நின்று, உள்ளே போய், "உன் வலி பொய்" என்று தீர்ப்பு வாங்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்குப் போனார் என்று கேள்வி.

உள்ளே அப்படி என்ன விசேஷம்? தராசுச் சாமி! உங்கள் போனுக்கு வந்த செய்தி உண்மையா பொய்யா என்று நிறுத்துச் சொல்லிவிடுவார். ஆமாம், கத்தரிக்காயை நிறுப்பது போலத்தான். யோசிக்க வேண்டாம், விசாரிக்க வேண்டாம், முழுசாகப் படிக்கக்கூட வேண்டாம். கால் வலிக்க நின்றால் போதும்.

சிரிக்காதீர்கள். அந்த ஊர் பட்ட பாடு அப்படி. ஊரில் இரண்டே கட்சி. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மஞ்சள்காரர் போனில் காலையில் ஒரு செய்தி வரும்: "நீலக் கட்சி ஜெயித்தால் வீட்டில் பூனை வளர்க்க வரி." பூனை இல்லாதவர்கூடப் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பூனையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். நீலக்காரர் போனில் மத்தியானம் ஒன்று வரும்: "மஞ்சள் கட்சி ஆட்கள் தண்ணீர்த் தொட்டியில் தூக்க மாத்திரை கலக்கிறார்கள்." அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தூங்கியவர்களெல்லாம் மேலதிகாரியிடம் தண்ணீரைக் காட்டிக் கொடுத்தார்கள்.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. "பகிரும் முன் யோசி" என்று தெருவுக்குத் தெரு பலகை நட்டது. எழுத்து மஞ்சள் என்று நீலக்காரர்கள் அதைச் சாய்த்தார்கள். ஓரச் சட்டம் நீலம் என்று மஞ்சள்காரர்கள் அதைப் பிடுங்கினார்கள். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து, எந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் பிடித்து எழுதும் ஓர் இணையதளம் தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். என்ன செய்வது, அதைப் படிக்க வேண்டியிருந்தது! ஊர் ஜனங்கள் அந்த இணையதளத்தையே தராசுச் சாமியிடம் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தார்கள். பொய் என்று வந்துவிட்டது. கதை முடிந்தது.

சாமியின் முறையைக் கேளுங்கள். நீளமான மேஜை, தரைவரை தொங்கும் வெள்ளைத் துணி. மேலே இரட்டைத் தட்டுத் தராசு. ஒரு தட்டில் ஒரு வெள்ளை இறகு. இன்னொரு தட்டில் உங்கள் போன். "பொய்க்குக் கனம் உண்டு, உண்மைக்குக் கிடையாது" என்பது சாமியின் தத்துவம். செய்தி பொய்யென்றால் போன் தட்டு தாழும். உண்மையென்றால் இறகு தாழ்ந்து, போன் மேலே போகும். இறகைவிட லேசான போன்! பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். பிளந்த வாய் மூடுவதற்குள் காணிக்கைப் பெட்டி நிறைந்தது.

அதிலும் பெரிய அதிசயம், சாமிக்கு ஆளே தெரியாது. பேர் கேட்க மாட்டார், முகம் பார்க்க மாட்டார். வாசலில் மீசைக்காரச் சீடன் போனை வாங்கிக்கொண்டு, அடையாளத்துக்கு ஒரு வில்லை கொடுப்பான். நீங்கள் உள்ளே போய் இருட்டில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். சீடன் செய்தியை உரக்கப் படிப்பான். போன் தட்டில் ஏறும். தீர்ப்பு வரும். "என் மூஞ்சியைக்கூடப் பாக்கலைங்க, ஆனா என் மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டாரு!" என்று வெளியே வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு சின்ன நிபந்தனை. போனுக்குச் சாமி மந்திரித்த உறை போட்டிருக்க வேண்டும். வாசலிலேயே கிடைக்கும். இரண்டே நிறம். என்ன நிறங்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? மாட்டைப் பிடித்துக் கட்டித்தான் சூடு போடுவார்கள். இங்கே மாடே காசு கொடுத்து, வரிசையில் நின்று, சூடு வாங்கிக்கொண்டு போனது.

இந்த ஊரில் உறை வாங்காத போன் ஒன்று உண்டென்றால், அது பேக்கரியம்மாவின் போன். "வியாபாரம் பண்றவளுக்கு என்னய்யா நிறம்? ரொட்டி நிறம்தான்" என்பாள். அவளும் அவள் புருஷனும் நடத்திய பேக்கரியில் செங்கல் அடுப்பு ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அடுப்பு முழுசாக ஆறி அவள் பார்த்ததில்லை. மாவு பிசைவது கொழுந்தன். வண்டியில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோவது அவள் அண்ணன். கொழுந்தன் மஞ்சள், அண்ணன் நீலம். முன்பெல்லாம் மாமன் மச்சான் முறைக்கு ஒருவர் காலை ஒருவர் வாரிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு அவள் மூலமாகத்தான் பேசினார்கள்.

"அண்ணி, அந்தத் தட்டை நகத்தச் சொல்லுங்க உங்க அண்ணனை."

"பாப்பா, வாய் இருந்தா நேரா கேக்கச் சொல்லு உன் கொழுந்தனை."

இந்த நிலைமையில்தான் பன் மீது பழி வந்து விழுந்தது. மஞ்சள் கட்சியின் கிளைச் செயலாளர் ஒருநாள் காலை பேக்கரியில் டீயும் பன்னும் சாப்பிட்டார். சாயங்காலம் நீலக் கட்சி மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஏனய்யா இப்படி என்று கேட்டதற்கு, "என்னமோ தெரியலைங்க, அந்த பன்னைச் சாப்பிட்டதுலேர்ந்தே மனசு ஒரு மாதிரி நீலமாவே இருந்துச்சு" என்றார். அவருக்கு நீலக் கட்சியில் பெரிய பதவி கிடைத்தது ஊருக்கே தெரியும். இருந்தாலும், பதவிக்காக மாறினேன் என்றால் கேவலம், பன்னால் மாறினேன் என்றால் பரிதாபம். பரிதாபத்துக்கு மதிப்பு அதிகம். கொஞ்ச நாளில் நீலக் கட்சிக் கவுன்சிலர் ஒருவர் மஞ்சளுக்குத் தாவினார். அவரும் யோசித்து யோசித்துப் பார்த்தார். எப்போதோ ஒரு பன் சாப்பிட்டது ஞாபகம் வந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? "பேக்கரி பன்னில் ஒரு பொடி கலக்கிறார்கள், தின்றால் மஞ்சள்காரர்கள் நீலமாகிவிடுவார்கள்" என்று ஒரு செய்தி. "தின்றால் நீலக்காரர்கள் மஞ்சளாகிவிடுவார்கள்" என்று இன்னொரு செய்தி. வந்தவரெல்லாம் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைத் தாய்மார்கள் மூக்கைப் பொத்தி அழைத்துக்கொண்டு பேக்கரியைக் கடந்தார்கள். வாசனையிலும் பொடி இருக்குமாம்.

சுட்ட ரொட்டி மாலைவரை அலமாரியில் உட்கார்ந்திருந்து, மறுநாள் தெருநாய்களுக்குப் போயிற்று. நாய்கள் தின்றன. கட்சி எதுவும் மாறவில்லை. அதை யாரும் செய்தியாக அனுப்பவில்லை.

இதில் பேக்கரியம்மாவின் வயிறு எரிந்தது ஊராரால் அல்ல, புருஷனால். மனுஷன் தான் சுட்ட பன்னைத் தானே தொட மாட்டேன் என்றான்.

"என்னங்க, மாவு நீங்க வாங்கினது. ஈஸ்ட் நீங்க கரைச்சது. பொடி எப்ப போட்டீங்க?"

"நான் போடலடி. ஆனா இத்தனை பேர் சொல்றாங்களே? நெருப்பில்லாம புகையுமா?"

"புகையறதுக்கு நெருப்பு வேணாம், போன் போதும்."

அவன் கேட்கவில்லை. தம்பியின் மஞ்சள் உறை போட்ட போனை வாங்கிக்கொண்டு தராசுச் சாமியிடம் கிளம்பினான். தனியாக விட மனசில்லாமல் அவளும் போனாள். சீடன் பன் செய்தியைப் படித்தான். சாமி கண்ணை மூடினார். இறகுத் தட்டு 'டக்' என்று இறங்கியது. போன் மேலே போயிற்று. "உண்மை!" என்றார் சாமி. பேக்கரிக்காரன் முகம் பிசையாத மாவு மாதிரி ஆகிவிட்டது.

பேக்கரியம்மாவோ வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். இறகு இறங்கினால் சத்தம் வருமா? அவள் கடைத் தராசும் தராசுதான். ஏறும், இறங்கும், ஆடும், மெதுவாக நிற்கும். இது ஆடவே இல்லை. ஃப்ரிட்ஜ் கதவைக் கிட்டே கொண்டுபோனதும் கடைசி நேரத்தில் தானே போய் ஒட்டிக்கொள்ளுமே, அப்படிப் போய் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் ரகளை. அதே நாள் அண்ணனும் தன் நீல உறை போட்ட போனோடு போய், அதே செய்தியை நிறுத்துவிட்டு வந்திருந்தான்.

"சாமியே பொய்னு சொல்லிட்டாரு! எங்க கட்சி பன்னுல பொடி வைக்கல, இது உங்க புரளின்னு நிரூபணம் ஆயிடுச்சு!"

"யாருகிட்ட கதை விடறீங்க? எங்க அண்ணன் கண்ணால பாத்துட்டு வந்திருக்காரு, உண்மைன்னு!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"உங்க கட்சியே அதுக்குத்தானே இருக்கு!"

பாருங்கள் வேடிக்கையை. ஒரே செய்தி, ஒரே தராசு, ஒரே நாள், இரண்டு தீர்ப்பு. சின்னக் குழந்தைக்குக்கூடத் தராசு மேல்தான் சந்தேகம் வரும். இவர்களுக்கு எதிரே நிற்பவன் மேல் வந்தது. அண்ணன் வண்டிச் சாவியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான். கொழுந்தன் கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் வெளியே போய்விட்டான்.

பேக்கரிக்காரன் அடுப்பு வாயில் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போதும்டி. நாளைக்கு விறகு போட வேணாம். அணைஞ்சா அணையட்டும். கடையைப் பூட்டிடலாம்."

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். மறைத்து வைக்கவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, அடுப்புக்குள் இரண்டு கட்டை தூக்கிப் போட்டாள்.

"நாளைக்கு மத்தியானம்வரைக்கும் எரியட்டும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

அவளுக்கு ஞாபகம் வந்தது ஒரு சின்ன விஷயம். வருஷா வருஷம் கடைத் தராசுக்கு முத்திரை போட எடை ஆய்வாளர் வருவார். முதல் காரியமாக, இந்தத் தட்டில் இருப்பதை அந்தத் தட்டுக்கு மாற்றி வைப்பார். நேர்மையான தராசு கண்டுகொள்ளாது. திருட்டுத் தராசு அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சோதனை. காய்கறிக்கடைத் தராசையே அப்படிச் சோதிக்கும் ஊரில், தலையெழுத்தை நிறுக்கும் தராசை ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை!

மறுநாள் காலை கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். "தம்பி, உங்க போன் உறையை ஒரு வேளைக்குக் குடுங்க. நீங்களும் தராசுக்கடைக்கு வாங்க."

"எதுக்கு அண்ணி?"

"உங்க பக்கம் உண்மைன்னு நிரூபிக்கத்தான்."

அடுத்து அண்ணன் வீடு. அதே கேள்வி, அதே பதில். இரண்டு பேரும் அடுத்தவன் மூக்கு உடைபடப் போகிறதென்ற சந்தோஷத்தில் உறையைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

பிறகு கடைக்கு வந்து, தகர அச்சு ஒன்றில் ஒரே ஒரு பன்னைச் சுட்டாள். அச்சோடு எடுத்துப் பையில் வைத்தாள். பொட்டலம் கட்டும் பழுப்புக் காகிதமும் நூலும் கூடவே போயின. "சாமிக்குப் படையலா?" என்று புருஷன் எரிச்சலோடு கேட்டான். "ஆமா. நீங்களும் வாங்க, பங்கு கிடைக்கும்" என்றாள்.

அன்று கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒரு பக்கம் மஞ்சள் தலைகள், ஒரு பக்கம் நீலத் தலைகள், நடுவில் ஆள் நடக்க வழி. சீடன் தன் போனைக் கம்பத்தில் மாட்டி ஊருக்கெல்லாம் நேரலையாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தான். சாமி வெள்ளை அங்கி போட்டிருந்தார். தூரத்தில் பார்த்தால் டாக்டர், கிட்டே வந்தால் துறவி. எந்த வியாபாரம் நடக்கிறதோ அது.

பேக்கரியம்மா தன் போனுக்கு மஞ்சள் உறையை மாட்டிச் சீடனிடம் கொடுத்தாள். அவன் படித்தான்: "பேக்கரி பன்னில் ஒரு பொடி கலக்கிறார்கள். தின்றால் மஞ்சள்காரர்கள் நீலமாக மாறிவிடுவார்கள். உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்." அன்று காலையிலிருந்து அந்தச் செய்தியை எத்தனையோ முறை படித்திருந்ததால் அவனுக்குக் கொட்டாவி வந்தது.

டக். போன் உயர்ந்தது. "உண்மை!"

மஞ்சள் பக்கம் கைதட்டல். பேக்கரியம்மா வில்லையைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். மஞ்சளைக் கழற்றினாள், நீலத்தை மாட்டினாள், மறுபடி வரிசையில் நின்றாள். சீடன் மறுபடி படித்தான், மறுபடி கொட்டாவி விட்டான். சாமி கண்ணை மூடினார். போன் கனத்துக் கீழே உட்கார்ந்தது.

"பொய்!"

நீலப் பக்கம் விசில் பறந்தது. அந்த விசில் அடங்குமுன் பேக்கரியம்மா எழுந்து போய்ப் போனை வாங்கி, நீல உறையைக் கழற்றிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"தீர்ப்புக்குப் பிறகு சந்தேகம் கூடாது, அம்மா."

"தீர்ப்பு ரெண்டு வந்துச்சே, அதுல எதுக்குப் பிறகு? ரெண்டு தடவையும் நீங்க நிறுத்தது என் போன்தான். ஒரே போன், ஒரே செய்தி. நடுவுல சட்டையை மட்டும் மாத்திவிட்டேன்." மஞ்சள் உறையை ஒரு கையிலும் நீல உறையை ஒரு கையிலும் தூக்கிக் காட்டினாள். "மஞ்சச் சட்டை போட்டா உண்மை, நீலச் சட்டை போட்டா பொய்யா?"

கொழுந்தன் ஒரு மூலையில் எழுந்தான், அண்ணன் இன்னொரு மூலையில் எழுந்தான். இருவருக்கும் தங்கள் உறை அடையாளம் தெரிந்தது.

கூட்டம் சலசலத்தது. சாமி பதறினாரா? ஊஹூம். பழுத்த ஆள். மெல்லச் சிரித்தார்.

"அம்மா, நிறத்துக்கு ஓர் அலை உண்டு. மஞ்சளுக்குள்ளே மஞ்சள் அலை, நீலத்துக்குள்ளே நீல அலை. செய்தி அந்த அலையில் நனைந்துவிடும். நீ உறையை மாற்றி அலையைக் கலைத்துவிட்டாய். தப்பு தராசில் இல்லை, உன் கையில் இருக்கிறது."

"அதானே!" என்றார் ஒருவர். "அலை இருக்குல்ல!" என்றார் அடுத்தவர். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அலை என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கள், அது தங்கள் வீட்டுச் சுவரில் மோதுவதை நெடுநாளாகக் கேட்டு வருவதாகச் சொல்லத் தொடங்கினார்கள். பேக்கரிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு, "உக்காருடி, மானம் போகுது" என்று முனகினான்.

அவள் உட்காரவில்லை. "சரி சாமி. அலைதான் கெடுக்குதுன்னா, அலையே இல்லாம நிறுத்துருவோம்." உறை இல்லாத போனைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கட்டினாள். "இது பன் பொட்டலக் காகிதம். எந்தக் கட்சியும் இதுக்கு இன்னும் கொடி பிடிக்கல. அதே செய்திதான் உள்ள இருக்கு. இப்ப சொல்லுங்க, உண்மையா பொய்யா?"

நடுவழியில் நடந்து மேடைக்கே போய்விட்டாள். பொட்டலத்தைப் போன் தட்டில் வைத்தாள். பையிலிருந்து தகர அச்சை எடுத்து, பன்னோடு, இறகுத் தட்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள்.

"இது எதற்கு?" என்றார் சாமி.

"கேஸ் இது மேலதானே சாமி. குற்றவாளியும் கூண்டுல நிக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. சாமி கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் என்ன தேடினாரோ, நேரமாயிற்று. நெற்றியில் வேர்வை பூத்தது. ஒரு கண்ணை லேசாகத் திறந்து பொட்டலத்தைப் பார்த்தார். பழுப்பு, எந்தப் பக்கம் திருப்பினாலும் பழுப்பு.

கடைசியில் வாயைத் திறந்தார். "அம்மா... நீ எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். 

"செய்தி உண்மையா பொய்யான்னு சொல்றதுக்கு, நான் எந்தப் பக்கம்னு உங்களுக்கு எதுக்கு சாமி தெரியணும்?"

யாரும் "அதானே" என்று சொல்லவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? மஞ்சள் பக்கத்திலிருந்து கொழுந்தன் கத்தினான்: "உண்மைன்னு சொல்லுங்க சாமி!" நீலப் பக்கத்திலிருந்து அண்ணன் கத்தினான்: "பொய்னு சொல்லுங்க சாமி!" இரண்டு பக்கமும் கோஷம் கிளம்பியது. சாமி கூட்டத்தைக் கண்ணால் அளந்தார். அன்றைக்கு மஞ்சள் தலைகள் கொஞ்சம் அதிகம். அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். கண்ணை மூடினார். மேஜைத் துணிக்குக் கீழே ஒரு கால் மெல்ல அசைந்தது.

உடனே பன் நடந்தது.

மெய்யாகத்தான் சொல்கிறேன். தகர அச்சு தன்பாட்டுக்கு 'சர்ர்' என்று மேஜைமேல் வழுக்கிப் போய், இறகுத் தட்டுக்கு நேர் கீழே 'டக்' என்று உட்கார்ந்துகொண்டது. மேலேயிருந்து இரும்புத் தட்டு இறங்கி, பன்னின் தலையில் குந்தியது. பன் பாவம், சப்பட்டையாகிவிட்டது. இறகு பறந்து சாமியின் மூக்கில் போய் நின்றது.

"உண்..." என்று தொடங்கியவர் தும்மினார்.

அண்ணன்தான் முதலில் மேடைக்கு ஓடினான். துணியைச் சடாரென்று தூக்கினான். மேஜையின் அடிவயிற்றில், இறகுத் தட்டுக்கு நேர் கீழே, கம்பி சுற்றிய பெரிய மின்காந்தம். அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் நுனியில், சாமியின் காலடியில், தையல் மெஷினுக்கு இருக்கிற மாதிரி ஒரு மிதி.

பின்னாலேயே வந்த கொழுந்தன் அதை மிதித்தான். டக். போன் மேலே. காலை எடுத்தான். போன் கீழே.

திரும்ப மிதித்து, "உண்மை," என்றான். மிதியை விட்டான். "பொய்." மறுபடி மிதித்தான். "உண்மை." அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். "மாமா... இதுக்காகவா நாம சண்டை போட்டோம்?"

அண்ணன் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றான். "பேசாம இரு மாப்ளே. வெக்கமா இருக்கு."

கவனித்தீர்களா? மிதிக்காமல் சும்மா இருந்தால் அந்தத் தராசில் எல்லாமே பொய்தான். உண்மையைத்தான் காலால் மிதித்து உண்டாக்க வேண்டியிருந்தது. இதைவிட நேர்மையாகத் தன் தொழிலைக் காட்டிய சாமி வேறு யாரும் இருக்க முடியாது.

மீசைக்காரச் சீடன் "சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை" என்று கத்திக்கொண்டே கம்பத்திலிருந்த போனைப் பிடுங்கினான். அதற்குள் ஊரே பார்த்து முடித்திருந்தது. சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சோபா ஏற்றும் பின்வாசல் பக்கம் நழுவினார். அங்கே ஓர் ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு கன்னம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"வலி பொய்யின்னு சொன்னியே," என்றார் அவர், வாயைத் திறக்க முடியாமல். "ஒரு தடவை நிறுத்துக் காட்டு, பாப்போம்."

போலீஸ் வரும்வரை சாமி அந்தக் கன்னத்துக்கு எதிரிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கூடத்திலேயே ஒரு கும்பல், "நானும் ஒரு தடவை மிதிச்சுப் பாக்கறேன்" என்று மேஜைக்கு முன்னால் புதிதாக ஒரு வரிசை பிடித்துவிட்டது. மஞ்சள்காரர்கள் சிலர், மிதி நீல ஒயரில் ஓடியது, ஆகவே இது நீலச் சதி என்றார்கள். நீலக்காரர்கள் சிலர், காந்தத்தின் பெட்டி மஞ்சள் என்பதைக் கவனிக்கச் சொன்னார்கள்.

பேக்கரியம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. சப்பட்டையான பன்னை அச்சோடு எடுத்துக்கொண்டு புருஷனிடம் வந்தாள். நேற்றுவரை தன் பன்னைத் தானே தொடாதவன், தலை குனிந்து நின்றிருந்தான். அவன் கையில் பாதியைப் பிட்டு வைத்தாள். நாலு பக்கமும் கண்கள். அவன் ஒரு வாய் கடித்தான், மென்றான், விழுங்கினான்.

"எப்படி இருக்கு?"

"உப்பு கொஞ்சம் கம்மிடி."

"அதைச் சொல்லுங்க. அதுதான் விஷயம்."

மத்தியானம் அடுப்பில் விறகு விழுந்தது. மறுநாள் காலை கொழுந்தன் மாவு பிசைந்தான், அண்ணன் வண்டியைத் துடைத்தான். உறைகள் இரண்டும் இடம் மாறிப் போயிருந்தன. மஞ்சள்காரன் போனில் நீலம், நீலக்காரன் போனில் மஞ்சள். "மாமா, உங்க சட்டை எனக்கு டைட்டா இருக்கு" என்றான் கொழுந்தன். "கழட்டி அடுப்புல போடுடா, வேகட்டும்" என்றான் அண்ணன். தேர்தல் வந்தால் ஒருவன் மஞ்சளுக்குத்தான் போடுவான், மற்றவன் நீலத்துக்குத்தான். போடட்டுமே. அதற்கும் தட்டை நகர்த்துவதற்கும் என்ன சம்பந்தம்?

ஜனங்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் பன் வாங்கவில்லை. போனை நீட்டினார். முகத்தில் பழைய பக்தி அப்படியே இருந்தது, கும்பிடும் ஆள்தான் மாறியிருந்தது.

"அக்கா, ஒரு செய்தி வந்திருக்கு. உங்க பன்னைச் சாப்பிட்டா புத்தி வளருமாமே. உண்மையா?"

பேக்கரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பன்னு தின்னா பசி தீரும், அவ்வளவுதான். ஆமா, இதை யாரு அனுப்பினாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீங்களா?"

"கேக்கலையே. படிச்சதும் நேரா உங்ககிட்ட வந்துட்டேன்." அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குள்ள இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பட்டுமா அக்கா?"

"பத்துப் பேருக்கு அனுப்பறது இருக்கட்டும்யா. முதல்ல உங்க மண்டைக்கு ஒரு தடவை அனுப்பிப் பாருங்க."